தீயினாற் பிறக்கும் குளிர்

தீயினாற் குளிர் பிறக்கும் என்று எவரேனும் சொன்னால் நகைக்கவே தோன்றும். ஆயினும், சென்ற கோடையில் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் அதனை நாம் கண்ணாற் கண்டோம். வீட்டு வாடகைக்கு ஈடுகொடுக்க இயலாத முதிய தொழிலாளி ஒருவர், காரின் பின்னே பூட்டி இழுக்கும் பழைய பயண வண்டியொன்றையே வீடாக்கி வாழ்ந்தார். எரிவாயுவில் இயங்கும் அவருடைய குளிர்சாதனப் பெட்டி சில நாட்களாகக் குளிரவில்லை. அவருடைய இன்சுலின் மருந்து அதனுள்ளேதான் இருந்தது. பார்க்க வந்த விற்பனையாளரோ பின்கதவைத் திறந்துகூடப் பாராது, "புதியது வாங்குங்கள்" என்று கூறிச் சென்றுவிட்டார்.

1922ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு மாணவர் இருவர், பிளாட்டன், மூன்டர்ஸ் என்போர், கண்ட முறை இது. இதில் அசையும் உறுப்பு எதுவுமில்லை. அடியில் எரியும் சிறு சுடர், நீரிற் கரைந்த அமோனியாவைக் கொதிக்கவைத்துப் பிரிக்கிறது. அந்த ஆவி மேலேறித் திரவமாகி, ஐதரசன் நிறைந்த குழாயினுள் இறங்கி மீண்டும் ஆவியாகும்போது பெட்டியின் வெப்பத்தைக் கவர்கிறது. பின்னர் நீரிற் கரைந்து சுடரிடமே திரும்புகிறது. வெப்பமும் புவியீர்ப்புமே இவ்வோட்டத்தை நடத்துவன. வண்டி சரிந்து நின்றால் திரவம் வழியிலே தேங்கிவிடும்.

ஆதலால், முதலில் பெட்டியின் தட்டில் நீர்க் கிண்ணமொன்றை வைத்துச் சரிவைக் கண்டு, சில்லின் கீழே பலகையிட்டு மட்டப்படுத்தினோம். பின்புறத்தில் அமோனியா நெடியோ மஞ்சட் பொடியோ இருந்திருப்பின் குழாய் கசிந்துவிட்டது என்று பொருள், அவை இல்லை. மட்டப்படுத்தியும் சுடரினாற் குளிர் வரவில்லை. அயலவரிடம் மின்சாரம் இரவல் பெற்று இரவு முழுதும் இயக்கினோம். விடியலில் உள்ளே பனி படிந்திருந்தது. குழாய்கள் நலம், குறை சுடரிலேதான்.

வாயுவை மூடி எரிமுனையைக் கழற்றினோம். சிலந்தி வலையும் துருவும் அதை அடைத்திருந்தன. நுண்துளையை ஊசியாற் குத்தினால் அகன்றுவிடுமாதலின், மதுசாரத்தில் ஊறவைத்துக் காயவிட்டோம். புகைபோக்கியின் கரியைத் தூரிகையால் அகற்றினோம். மீண்டும் பூட்டி, இணைப்புகளிற் சவர்க்கார நீர் தடவிக் கசிவில்லை என்று கண்டபின் ஏற்றினோம். மஞ்சளாக எரிந்த சுடர் நீலமாயிற்று.

அந்த மஞ்சட் சுடரை நினைக்கவே இன்றும் நெஞ்சு நடுங்குகிறது. காற்றுக் குறைந்து எரியும் சுடர், நிறமும் மணமுமற்ற காபனோரொட்சைட்டு நஞ்சை உமிழும். 1933க்கும் 1957க்கும் இடையில் அமெரிக்காவில் ஆக்கப்பட்ட வாயுக் குளிர்பெட்டிகள் சில, பிற்காலத்தில் இந்நஞ்சினால் உயிர்களைக் கொண்டிருக்கின்றன. முதியவர் அச்சுடருக்கு அருகிலேயே உறங்கினார். புதியதை விற்க வந்தவர் அதனை ஒரு கணமேனும் குனிந்து பார்த்தாரில்லை.

பொருளின் உள்ளியல்பை அறியாதவனிடம் எதனையும் விற்கலாம். ஏழைக்கு அவ்வறியாமை இருமடங்கு விலையாகிறது. ஆகவே, பழுதைத் தீர்த்ததோடு நாம் விடைபெறவில்லை. நஞ்சுவாயுவை உணர்ந்து ஒலியெழுப்பும் கருவியொன்றை அவரது படுக்கையருகே பொருத்தினோம். எரிமுனையை அவர் தம் கையாலேயே கழற்றித் துடைத்துப் பூட்டப் பழகும்வரை உடனிருந்தோம். மூன்றாம் முறை அவர் எம் உதவியை நாடவில்லை.