வெள்ளத்தில் விளையும் மீன்கள்

இந்திய ஆறுகளுள் பெரும்பாலானவை பெண்பெயர் பூண்டவை. கங்கை, யமுனை, கோதாவரி, காவிரி என அவற்றைத் தாயாகப் போற்றுவது மரபு. பிரம்மபுத்திராவோ பெயராலேயே ஆண்மகன். திபெத்தில் யார்லுங் சாங்போ என்னும் பெயருடன் கிழக்கு நோக்கி ஓடி, இமயத்தை ஊடறுத்துத் தெற்கே திரும்பி, அருணாசலப் பிரதேசத்தில் சியாங் என வழங்கப்பெற்று, அசாம் சமவெளியில் திபாங், லோஹித் ஆறுகளோடு கலந்த பின்னரே அது இப்பெயரைப் பெறுகிறது. மழைக்காலத்தில் ஒரு கரையில் நிற்பவர்க்கு மறுகரை தோன்றாத இடங்கள் அதில் உண்டு. அசாமின் நீர்நிலைகளில் வாழும் மீன் வகைகள் மட்டும் 200க்கு மேற்பட்டவை.

குவாஹாட்டி நகரின் ஆற்றங்கரையில் உஜான் பஜார் என்னும் பகுதி உள்ளது. விடியற்காலையில் படகுகள் கொணரும் மீன் அங்கே விற்பனையாகும். ‘உஜான்’ என்னும் அசாமியச் சொல், நீரோட்டத்திற்கு எதிரான மேல்திசையைக் குறிக்கும். பணியின் பொருட்டுத் தமிழகத்திலிருந்து வந்து குடியேறியோர் அச்சந்தையில் முதலில் திகைப்பர். பெயர்கள் யாவும் புதியனவாக ஒலிக்கும். கூடையை உற்று நோக்கினால் திகைப்பு நீங்கும். பொராலி என்று கூவி விற்கப்படுவது நம் வாளைமீன். ஷோல் என்பது விரால். சிங்கி என்பது, முள்ளால் கொட்டுவதால் தேளின் பெயரைப் பெற்ற தேளி. காவோய் என்பது பனையேறிக் கெண்டை.

இப்பனையேறிக் கெண்டைக்குத் தமிழ்நாட்டில் ஒரு பழங்கதை உண்டு. தரங்கம்பாடியில் பணியாற்றிய டால்டார்ஃப் என்னும் டேனிய அதிகாரி, பனைமரத்தில் ஏறிக்கொண்டிருந்த இம்மீனைத் தாம் கண்டதாக எழுதிய குறிப்பு 1797ஆம் ஆண்டு இலண்டனில் வெளியாயிற்று. அது மரம் ஏறுமா என்பதில் அறிஞர் பலர்க்கு ஐயம் உண்டு. தரையில் நகரும் என்பதில் ஐயம் இல்லை. செவுள் மூடிகளை மண்ணில் ஊன்றி, வாலால் உந்தி, ஒரு குட்டையிலிருந்து மற்றொரு குட்டைக்குச் செல்லும். அதற்குத் துணையாகச் செவுளின் மேற்புறத்தே காற்றைச் சுவாசிக்கும் தனியுறுப்பு ஒன்று அமைந்துள்ளது.

மீன்களின் அறிவியற் பெயர்களும் ஆற்றங்கரையிலிருந்தே சென்றவை. பிரான்சிஸ் ஹாமில்டன் என்னும் ஸ்காட்லாந்து மருத்துவர், கங்கையிலும் அதன் கிளைகளிலும் வாழும் மீன்களைப் பற்றி 1822இல் ஒரு நூல் வெளியிட்டார். புதிய மீன்களுக்குப் பெயரிடும்போது உள்ளூர் வழக்கையே அவர் பல இடங்களில் எடுத்துக்கொண்டார். ரோகு ‘ரோஹிதா’ ஆயிற்று. கட்லா கட்லாவாகவே நின்றது. சிதல் ‘சிதலா’ ஆயிற்று. இலத்தீன் என்று மாணவர் மருளும் சொல்லினுள் வலைவீசுவோரின் பேச்சு ஒளிந்திருப்பது மகிழத்தக்கதே.

அசாம் வெள்ளம் செய்தித்தாள்களில் ஆண்டுதோறும் துயரச் செய்தியாகவே வருகிறது. வீட்டையும் வயலையும் இழந்து மேட்டில் தங்கும் மக்களுக்கு அது துயரமே. அதை மறுப்பது முறையன்று. ஆயினும் மீனுக்கு அதுவே விதைப்புக் காலம். ஆறு தடம் மாறியபோது விட்டுச்சென்ற பழைய வளைவுகளிலும் தாழ்நிலங்களிலும் தேங்கும் ஏரிகளை அசாமியர் ‘பீல்’ என்பர். ஆனி, ஆடி மாதங்களில் ஆற்றுநீர் பெருகிக் கால்வாய் வழியே பீலுள் புகும். பெருங்கெண்டைகள் ஓடும் புதுவெள்ளத்தில் முட்டையிடும். குஞ்சுகள் நீரோடு பரவிப் பீலை அடையும். ஆழமற்ற அந்நீர் வெதுவெதுப்பானது, நுண்ணுயிர்கள் மிகுந்தது. குஞ்சுகளுக்கு அதனினும் நல்ல தொட்டில் இல்லை. ஐப்பசியில் நீர் வடியும்போது, வளர்ந்த மீன்களுள் ஒரு பகுதி அதே கால்வாய் வழியே ஆற்றுக்குத் திரும்பும்.

ரோகுவும் கட்லாவும் குளத்தில் வளரும்; ஆயினும் தேங்கிய நீரில் தாமாக முட்டையிடா. எனவே முற்காலத்தில் மீன் வளர்ப்போர் ஆற்றிலேயே குஞ்சுகளை அள்ளி, மண்பானைகளில் இட்டு எடுத்துச்சென்றனர். 1957ஆம் ஆண்டு சூலை 10ஆம் நாள், கட்டாக்கில் ஹீராலால் சௌதுரியும் கே. எச். அலிக்குஞ்ஞியும் கெண்டை இன மீனுக்குப் பிட்யூட்டரி சுரப்பியின் சாற்றை ஊசிவழிச் செலுத்தி முட்டையிடச் செய்தனர். அந்நாள் இன்று தேசிய மீன் வளர்ப்போர் நாளாகக் கொண்டாடப்படுகிறது. காவிரிக்கரைச் சந்தைகளில் விற்கும் கட்லாவும் ரோகுவும் காவிரியின் தொல்குடிகள் அல்ல; வடபுலத்திலிருந்து சென்று குடியேறியவை.

ஆற்றையும் பீலையும் இணைக்கும் கால்வாய்தான் இன்று இடரில் உள்ளது. 1954க்குப் பின்னர் அசாமில் வெள்ளத்தைத் தடுக்க நீண்ட கரைகள் எழுப்பப்பட்டன. ஊர்கள் பல காக்கப்பட்டன. பீல்கள் பல ஆற்றினின்றும் துண்டிக்கப்பட்டன. மதகு இருந்தும் உரிய மாதத்தில் திறக்கப்படாவிடில் மீனுக்கு அதுவும் சுவரே. குவாஹாட்டியை அடுத்த தீபோர் பீல் 2002இல் ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. அதனருகே நகரின் குப்பை பல்லாண்டுகள் கொட்டப்பட்டது. பட்டம் ஒன்றே ஓர் ஏரியைக் காத்துவிடாது.

தை பிறக்கும் வேளையில் போகாலி பிஹு வரும். அதற்கு முந்திய நாள், நீர் குறைந்த பீல்களில் ஊரார் ஒன்றுகூடி மீன் பிடிப்பர். ‘போலோ’ என்னும் அடியற்ற மூங்கிற்கூடையை நீரில் அழுத்தி, மேல்வாய் வழியே கைவிட்டு, அகப்பட்ட மீனை எடுப்பர். சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கத்துக் கண்மாய்களில் கோடையில் நடைபெறும் மீன்பிடித் திருவிழாவைக் கண்டவர்க்கு அக்கூடை புதிதன்று. அங்கே அதன் பெயர் ஊத்தா.

அதன்பின் பீல்கள் சில புல்வெளியாகும். ஹாமில்டன் விவரித்த, இன்று ‘சன்னா பார்க்கா’ எனப்படும் ஒரு விரால் இவ்வடிநிலத்துக்கே உரியது. நீலமும் கரும்புள்ளிகளும் கொண்ட அதன் அழகுக்காக மீன்தொட்டி வணிகர் பெருவிலை தருவர். பீலின் ஓரத்துச் செங்குத்துக் குழியில், அடியில் ஊறும் சிறிதளவு நீரே துணையாக அது கோடையைக் கழிக்கும். சித்திரையில் இடியுடன் முதல் மழை பொழியும் இரவில் குட்டைகளின் மீன்களெல்லாம் விழித்தெழும். காவோயும் மாகுரும் வழிந்தோடும் நீரை எதிர்த்து வயல்வரப்பின் மேல் ஏறும். அசாமியர் அதனை ‘உஜான் ஏறுதல்’ என்பர்.