சோளகக் காற்றும் ஹெந்தளைச் சாலையும்

கொழும்பிலிருந்து வடக்கே செல்வோர் களனி கங்கைப் பாலத்தைத் தாண்டி வத்தளையை அடைந்ததும், இடப்புறமாகக் கடலை நோக்கி ஒரு சாலை பிரியக் காண்பர். ஹெந்தளைக்குச் செல்லும் சாலை அதுவே. ஒல்லாந்தர் 1708-ம் ஆண்டில் அமைத்த தொழுநோய் மருத்துவமனையாற் பெயர் பெற்ற ஊர் இது. கொட்டாஞ்சேனையில் நெடுங்காலம் வாழ்ந்த எம்போன்ற தமிழ்க் குடும்பங்கள் சில இப்பக்கம் வந்து குடியேறியுள்ளன.

கால்வாய்ப் பாலத்தைக் கடந்தால், எலகந்தை, உஸ்வெட்டகெய்யாவ, பமுனுகம என வடக்கே நீளும் சாலையொன்று உண்டு. மேற்கே கடல், கிழக்கே ஹமில்டன் கால்வாய், அதற்கப்பால் முத்துராஜவெல என்னும் பரந்த சதுப்பு நிலம். 'வெல' என்பது சிங்களத்தில் வயலைக் குறிக்கும். பண்டு நெல் விளைந்த அந்நிலத்தில், ஒல்லாந்தர் வெட்டிய கால்வாய் வழியே உப்பு நீர் புகுந்து பயிரைக் கெடுத்தது. அந்த உவரை வடிக்கவென ஆங்கிலேயர் 1802-ல் தொடங்கி 1804-ல் முடித்ததே ஹமில்டன் கால்வாய். கவின் ஹமில்டன் என்னும் வருமான அதிகாரியின் பெயரை அது தாங்கி நிற்கிறது.

ஞாயிறு தோறும் அதிகாலையில் நானும் என் தமக்கையின் மகனும் இச்சாலையில் துவிச்சக்கர வண்டி ஓட்டுவது வழக்கம். 2018-ம் ஆண்டு பெப்ரவரியில் காலிமுகத்திடலை மையமாகக் கொண்டு நடந்த அயன்மேன் 70.3 போட்டியை அவன் சிறுவனாக நின்று பார்த்தவன். 1.9 கிலோமீற்றர் நீச்சல், 90 கிலோமீற்றர் சைக்கிள், 21.1 கிலோமீற்றர் ஓட்டம் என்ற அந்த மூவகைச் சோதனையில் தானும் ஒருநாள் ஈடுபடவேண்டும் என்பது அவன் ஆசை. இன்று அவன் பல்கலைக்கழக மாணவன். ஆசை மட்டும் மாறவில்லை.

வைகாசி முதற்கொண்டு சோளகம் வீசும் காலத்தில் பமுனுகமவுக்குப் போகும்போது காற்று முதுகைத் தள்ளும். திரும்பும்போது நெஞ்சில் மோதும். ஒருநாள் அவன், "மாமா, காத்துக்கு முன்னாலை என்ரை கால் தோத்துப் போகுது. ஏரோபார் பூட்டிப் பாப்பமோ?" என்றான்.

ஏரோபார் என்பது சைக்கிளின் கைபிடியிலிருந்து முன்னோக்கி நீளும் இரு குழாய்கள். முழங்கைகளைத் தாங்க இரு மெத்தைகள் உண்டு. கைகளை ஒடுக்கி, முதுகைத் தாழ்த்திச் செல்ல அது உதவும். வேகம் இரு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும் என்பதைப் பௌதிக மாணவர் அறிவர். அவ்வெதிர்ப்பிற் பெரும்பங்கை ஏற்பது வண்டியன்று, ஓட்டுபவனின் உடலே. இதனை உணர்ந்து, பனிச்சறுக்கு வீரரின் குனிந்த நிலையைச் சைக்கிளுக்குக் கொண்டுவந்தவர் பூன் லெனன் என்னும் அமெரிக்கப் பயிற்சியாளர். 1989 ஜூலை 23 அன்று, பிரான்ஸ் சுற்றுப் போட்டியின் இறுதி நாளில், வேர்சாய் நகரிலிருந்து பாரிஸ் வரை 24.5 கிலோமீற்றர் தூரத்தைத் தனித்தனியே ஓட்டவேண்டியிருந்தது. 50 வினாடி பின்தங்கியிருந்த கிரெக் லெமொண்ட் ஏரோபாருடன் ஓட்டினார். லோரன் பின்யோன் அஃதின்றி ஓட்டினார். முடிவில் லெமொண்ட் 8 வினாடியால் முழுப் போட்டியையும் வென்றார்.

வாங்குமுன் கைபிடியின் நடுப்பகுதியை அளந்தோம். இக்காலச் சைக்கிள்களில் அது பெரும்பாலும் 31.8 மில்லிமீற்றர், பழையவற்றில் 26 அல்லது 25.4. அளவு பொருந்தாவிடிற் பிடி நழுவும். கைபிடி கார்பன் ஆயின், இறுக்கத்தைத் தாங்குமா என்று செய்தவரின் குறிப்பிற் பார்த்தல் வேண்டும். முழங்கை ஏறக்குறைய 90 பாகையில் மடிந்து, பாரம் மெத்தையில் இறங்குமாறு பொருத்தினோம். மிகத் தாழ்த்தினால் வயிறும் தொடையும் நெருங்கி மூச்சு முட்டும். ஆதலாற் சற்று உயர்த்தியே வைத்தோம்.

பழகுவதற்கு வெறிச்சோடிய நேர்ச்சாலையைத் தேர்ந்தோம். முதலில் ஒரு முழங்கை. தடுமாற்றம் தீர்ந்தபின் மற்றையது. பத்து வினாடி, பின்னர் ஒரு நிமிடம். முன்சில்லைக் குனிந்து பாராது தொலைவை நோக்கவேண்டும் என்று மருமகனுக்கு நானே பாடஞ் சொன்னேன்.

நான்காம் ஞாயிறு, அவனது வண்டியை வாங்கி நான் ஓட்டினேன். திரும்பும் வழியிற் காற்று எதிர்த்தது. குனிந்தேன், வண்டி பறந்தது. நாற்பது வயதைத் தாண்டியவனுக்கு அந்த வேகம் ஒரு மயக்கம். என் பாடத்தை நானே மறந்து முன்சில்லைப் பார்த்தபடி ஓட்டினேன். நிமிர்ந்தபோது, தேவாலயத்திற் பூசை முடிந்து வந்த ஒரு சிறுமி வெள்ளைச் சட்டையுடன் சாலையைக் கடந்துகொண்டிருந்தாள். பிறேக் இருந்த இடத்தில் என் கை இல்லை. முப்பது கிலோமீற்றர் வேகத்தில் ஒரு வினாடிக்கு எட்டு மீற்றருக்கு மேல் ஓடிவிடும். வண்டியை ஓரத்து மணலில் திருப்பி விழுந்தேன். சிறுமிக்கு ஒன்றுமில்லை. நடுங்கிய கையால் அவளை அணைத்துக்கொண்ட பாட்டியார் என்னை ஒரு சொல்லும் கடியவில்லை. முழங்கையைக் கழுவத் தண்ணீர் கொண்டுவந்து தந்தார். ஏசியிருந்தால் ஆறுதலாய் இருந்திருக்கும்.

ஏரோபாரைக் கழற்றிவிடவே எண்ணினேன். மருமகன் வேறு வழி சொன்னான். அடுத்த ஞாயிறு மெல்ல ஓட்டிச் சென்று, தேவாலயம், பாடசாலை, கடைத்தெரு, பாலம், வளைவு, மீன் வாங்குவோர் கூடும் இடம் என ஒவ்வொன்றையும் ஒரு கொப்பியிற் குறித்தோம். இவற்றைக் கழித்தால், குனிந்து ஓட்டத்தக்கது பாதித் தூரமும் இல்லை. அந்தச் சிறு பகுதியில் மட்டும், அதுவும் விடியும் வேளையில், அவன் பழகுகிறான். வீட்டுக் கூரைகள் தெரிந்ததும் கைகள் பிறேக்கிற்கு வந்துவிடும்.

போட்டிக்கெனச் சாலையை மூடிக் கொடுக்கும் நாளில் அவன் வேண்டுமட்டும் குனியட்டும். ஹெந்தளையிற் சாலை மூடப்படுவதில்லை. அங்கே பிள்ளைகள் நடக்கிறார்கள். இப்போதெல்லாம் அத்தேவாலயத்தின் முன்னே வந்ததும் இறங்கி, வண்டியை உருட்டிக்கொண்டே நடக்கிறேன். மருமகனும் ஒன்றும் கேளாமல் இறங்கி, என்னுடன் நடந்து வருகிறான்.