60 படி

நேற்று சாமிநாத சாமி கோயிலில் 60 படியும் ஏறிவிட்டேன். படிகளுக்குத் தமிழ் ஆண்டுகளின் பெயர்; பிரபவ முதல் அட்சய வரை, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் ஊன்றி ஊன்றி. அம்மா பின்னாலேயே வந்தார்.

எனக்கு முதுகுத்தண்டு வளைவுக்கு, ஸ்கோலியோசிஸ் என்பார்கள், 38 வயதில் ஆபரேஷன். 7 மாதம் ஆகிறது. எலும்பு முழுதாக ஒட்ட ஓராண்டுகூட ஆகலாம். அதுவரை டைட்டானியக் கம்பியும் திருகும்தான் தாங்குகின்றன. குனியக்கூடாது, உடம்பைத் திருப்பக்கூடாது, குடம் தூக்கக்கூடாது. முதல் மாதம் செருப்பு மாட்டிவிட்டதும் அம்மாதான்.

கோயிலிலிருந்து திரும்பும் வழியில் ஒரு ஸ்தபதி தென்னையோலைக் கீற்றை மடித்து மெழுகு அம்மன் சிலைக்கு அளவெடுத்துக்கொண்டிருந்தார். அந்த இடுப்பு வளைவை வெகுநேரம் பார்த்தபடி நின்றேன். அழகாக இருந்தது.

முதுகுத்தண்டு வளைவைச் சீக்கிரம் கண்டுகொள்ள, பத்து வயதைத் தாண்டிய பிள்ளைக்கு எண்ணெய் தேய்க்கும்போது முன்னால் குனியச் சொல்லி முதுகைப் பாருங்கள். ஒரு பக்கம் மேடாகத் தெரிந்தால் தள்ளிப்போடாமல் எலும்பு டாக்டரிடம் காட்டுங்கள்.