என் வீட்டுத் தரைக்குள் ஒரு கடற்கரை

எங்கள் கரிவலம்வந்தநல்லூரிலிருந்து கடலுக்குப் போக வேண்டுமென்றால் கரிசல்காடு முழுவதையும் தாண்ட வேண்டும். கடற்கரை அரிப்புக்கும் எனக்கும் தொடர்பு உண்டு என்று முன்பு யாராவது சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன்.

1994-இல் வீடு கட்டினேன். பக்கத்திலேயே நிட்சேப நதி. கொத்தனார் நாற்பது வண்டி மணல் போதும் என்றார். நான் எழுபது வண்டி அடித்தேன். மிச்சத்தைக் கொட்டி முற்றத்தை மேடாக்கினேன். ‘அடுத்த வெள்ளத்தில் ஆறு தானே கொண்டுவந்து போட்டுவிடும்’ என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆனால் வண்டிகளை ராத்திரியில்தான் ஓட்டச் சொன்னேன். செய்வது தப்பு என்று என் மனசுக்குத் தெரிந்திருந்தது.

பல வருஷம் கழித்து விளாத்திகுளம் பக்கம் வேலைக்கு மாற்றலாகிப் போனேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை சிப்பிகுளம் கடற்கரையில் வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு பெரியவரோடு பேச்சு வளர்ந்தது. கடலைக் கைகாட்டி, “விலாங்குசல்லின்னு ஒரு தீவு இருந்துச்சு சார், இப்ப முங்கிப் போச்சு” என்றார். மன்னார் வளைகுடாவில் இருந்த 21 தீவுகளில் இரண்டு அப்படி மூழ்கிவிட்டன. தீவுகளைச் சுற்றியுள்ள பவளப் பார்களை வெட்டி வந்து, வீடு கட்டச் சுண்ணாம்பாகச் சுட்டார்கள். பார் இருந்தவரை அலை அங்கேயே உடைந்தது. பார் போனதும் அலை நேரே தீவின் மணலில் வந்து மோதியது.

“தெரியாம வெட்டிட்டாங்க” என்றவர், “உங்களுக்கு எந்த ஊரு?” என்று கேட்டார்.

“கரிவலம், அண்ணாச்சி. சங்கரன்கோவில் பக்கம்.”

“அங்க ஆறு உண்டா?”

“நிட்சேப நதி. மழைக்கு ஓடும்.”

“எங்க போயிச் சேரும்?”

“வைப்பாத்துல...”

அதற்கு மேல் எனக்குப் பேச்சு வரவில்லை. வைப்பாறு கடலில் கலக்கும் முகத்துவாரத்துக்குப் பக்கத்தில்தான் நாங்கள் உட்கார்ந்திருந்தோம். “தண்ணியாவது எப்பவாவது வருது. மண்ணு வரமாட்டேங்குது சார்” என்றார். என்னைக் குறை சொல்லவில்லை, நடப்பதைச் சொன்னார். ராத்திரி வண்டிகளின் சத்தம் எனக்கு மட்டும் கேட்டது.

அதன்பிறகுதான் தேடிப் படித்தேன். கடற்கரை வரவும் செலவும் உள்ள ஒரு கணக்கு. அலை ஒரு பருவத்தில் மணலை எடுக்கும், இன்னொரு பருவத்தில் கொடுக்கும். கரையோரமாகவே நகர்த்திக்கொண்டும் போகும். குறைவதை ஈடுகட்டுவதில் ஆறுகளுக்குப் பெரிய பங்கு உண்டு. அணைகள் மணலைத் தடுத்து நிறுத்துகின்றன. தப்பி வருவதை நாம் அள்ளிவிடுகிறோம். வரவு நின்றாலும் கடல் செலவை நிறுத்துவதில்லை. கல்லைக் கொட்டிச் சுவர் எழுப்பினால் பின்னால் உள்ள தெரு தப்பும். முன்னால் உள்ள மணல் போகும், அடுத்த ஊரில் அரிப்பு தொடங்கும். புதுச்சேரியில் 1980-களின் கடைசியில் துறைமுகத் தடுப்புச் சுவர்கள் வடக்கே நகர்ந்த மணலை மறித்தன. நகரத்தின் கடற்கரையே காணாமல் போனது.

இழந்ததில் கொஞ்சத்தையாவது மீட்க முடியும் என்பதற்கும் எங்கள் கடலே சாட்சி. 2001-இல் பவளப்பாறைகள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வந்தன. தூத்துக்குடிக்கு எதிரே உள்ள வான்தீவு 1960-களின் இறுதியில் சுமார் 20 ஹெக்டேர் இருந்தது. பிறகு 2 ஹெக்டேருக்கும் கீழே சுருங்கிவிட்டது. 2015 முதல் அதன் கடல்பக்கம் கான்கிரீட்டில் செயற்கைப் பார்களை இறக்கினார்கள். வெட்டியெடுத்த பாரின் வேலையை அவை செய்கின்றன. அலை அங்கே உடைகிறது, தீவு நிற்கிறது. பார் வெட்டியவர்களும் மணல் அள்ளிய நானும் வீடு கட்டத்தான் கை வைத்தோம். அவர்கள் எடுத்தது கண்ணெதிரே தெரிந்தது. நான் எடுத்தது தெரிய இத்தனை வருஷம் ஆனது.

போன வருஷம் மகன் மாடி எடுக்க வேண்டும் என்றான். எம்-சாண்ட் வாங்கலாம் என்றான். அதுவும் ஒரு மலையை உடைத்து அரைத்ததுதான். முதலில் அவனுக்கு அந்த எழுபது வண்டிக் கதையைச் சொன்னேன். இரண்டு அறை என்றவன் ஒன்றே போதும் என்றான். முற்றத்து மேட்டைத் தோண்டி, முப்பது வருஷமாகச் சும்மா கிடந்த மணலைச் சலித்தோம். பாதி மண்ணாகிவிட்டது, தேறியது பூச்சுக்கு ஆயிற்று.

எங்கள் கிராம சபையில் ஆற்று மணல் பேச்சு வரும்போதெல்லாம் நான் வாய் திறந்ததே இல்லை. இப்போது எழுந்து நிற்கிறேன். எழுபது வண்டியிலிருந்துதான் தொடங்குகிறேன்.