குதிகால் உடைந்தால் முதுகையும் பார்

பனையிலிருந்து விழுகிறவர் பல நேரம் காலூன்றியே விழுவார். உடம்பின் கனம் முழுவதும் குதிகாலில் இறங்கும். அந்த அதிர்ச்சி அங்கேயே நிற்காது. தொடை, இடுப்பு என்று ஏறி, நெஞ்சுமுள்ளும் இடுப்புமுள்ளும் சந்திக்கிற இடத்தைப் போய்த் தாக்கும். குதிகால் எலும்பு நொறுங்கி வருபவர்களில் பத்தில் ஒருவருக்கு முதுகெலும்பிலும் முறிவு இருக்கும் என்கின்றன பாடநூல்கள். மதுரையில் எம்.எஸ். ஆர்த்தோ படித்தபோது என் ஆசிரியர் இதை வார்டில் நின்று ஓயாமல் சொல்வார்: "குதிகாலைப் பாத்தியா, முதுகைத் தொட்டுப் பாரு."

எனக்கு அது புதுப் பாடமாக இல்லை. அதற்கு முன்பே ராமநாதபுரம் மாவட்டத்தில் சாயல்குடிப் பக்கம் அரசு மருத்துவராக இருந்தவன் நான். பங்குனி, சித்திரையில் கன்னிராஜபுரம், நரிப்பையூர் விளைகளில் பதநீர் இறக்குகிற காலம் வந்தால், பனையேறிகள் யாராவது கட்டிலோடு தூக்கி வரப்படுவார்கள். ஒருவரின் கால் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. பனையேறக் காலில் மாட்டுகிற தளைநார் அறுத்து அறுத்துக் காய்த்துப்போன பாதம். குதிகால் அகலமாகிச் சப்பையாகியிருந்தது. அத்தனை தடித்த உள்ளங்கால் தோலுக்கு அடியிலும் நீலம் பாய்ந்திருந்தது. உள்ளங்காலில் அந்த நீலம் தெரிந்தால் எக்ஸ்ரே வருமுன்பே குதிகால் முறிவு என்று சொல்லிவிடலாம். எழுதி மதுரைக்கு அனுப்பினேன். அவர் மனைவி கேட்டார்: "மதுரைக்குன்னா நான் எங்கய்யா போவேன்? வீட்ல புள்ளைக தனியா கெடக்கு. இங்கனயே கட்டிவிடுங்களேன்."

கட்டிவிடு. அந்த ஊரில் அதைச் செய்ய வேறொருவர் இருந்தார். உளுந்தமாவும் முட்டை வெள்ளைக்கருவும் குழைத்துப் பூசி, மூங்கில் பத்தை வைத்துத் துணி சுற்றுகிற வைத்தியர். கட்டு இறுகி விரல் கறுத்துப்போன பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அதை மறக்கவும் முடியாது, மன்னிக்கவும் முடியாது. ஆனாலும் அவர் ஊரிலேயே இருந்தார், ராத்திரியில் கதவைத் தட்டினால் எழுந்து வந்தார். தகப்பனிடம் வயல்வேலைக்கு நடுவே கற்ற தொழில் அது.

அவரைப் போலவே லிவர்பூல் நகரில் இவான் தாமஸ் என்றொரு கட்டு வைத்தியர் இருந்தார். வேல்ஸ் நாட்டில் பரம்பரையாக எலும்பு கட்டிய குடும்பம். படித்த டாக்டர்கள் அவரை ஏற்கவில்லை. தன் ஐந்து மகன்களையும் அவர் டாக்டருக்கே படிக்கவைத்தார். மூத்தவரான ஹ்யூ ஓவன் தாமஸ் செய்த இரும்புச் சட்டம்தான் நம் அரசு ஆஸ்பத்திரி எலும்பு வார்டுகளில் இன்றும் தொடைமுறிவுக்கு மாட்டுகிற தாமஸ் ஸ்பிளிண்ட். முதல் உலகப்போரில் தொடையெலும்பு முறிந்த வீரர்களில் பத்துக்கு எட்டுப் பேர் இறந்த நிலை, இந்தச் சட்டம் பரவிய பின் இரண்டுக்கும் கீழே வந்தது என்று மருத்துவ வரலாற்று நூல்கள் எழுதுகின்றன. கட்டு வைத்தியர் வீட்டிலிருந்து வந்த இரும்பு அது. நம்மூர்க் கட்டு வைத்தியர் பிள்ளைகளை நினைக்கும்போதெல்லாம் அந்த ஐந்து மகன்கள் ஞாபகத்துக்கு வருவார்கள்.

ஹ்யூ ஓவன் தாமஸின் மனைவிவழி மருமகன் ராபர்ட் ஜோன்ஸ், மாமா வீட்டில் தங்கி மருத்துவம் படித்தவர். வகுப்புக்குப் போனது போக மற்ற நேரமெல்லாம் மாமாவின் சிகிச்சைக்கூடத்தில் கை வேலை. 1888இல் மான்செஸ்டர் கப்பல் கால்வாய் வெட்டும் பணிக்கு அவர் மருத்துவரானார். கால்வாய் ஓரமாக மூன்று மருத்துவமனைகள், இடையிடையே முதலுதவி நிலையங்கள் என்று அவர் வகுத்த ஏற்பாட்டை உலகின் முதல் முழுமையான விபத்துச் சேவை என்பார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் சாயல்குடிக்கும் தூத்துக்குடிக்கும் நடுவில் ராத்திரி பைக் விபத்து நடக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கால்வாய்தான் நினைவு. பிறகு லிவர்பூல் பல்கலைக்கழகம் எலும்பு அறுவைக்கென்றே தனிப் பட்டம் தொடங்கியது. நம் நாட்டு எலும்பு மருத்துவ முன்னோடிகள் பலர் கப்பலேறிப் போய் வாங்கி வந்த பட்டம் அது.

இன்று எடின்பரோ பல்கலைக்கழகமும் அங்குள்ள ராயல் சர்ஜன்கள் கல்லூரியும் சேர்ந்து, வேலையில் இருந்தபடியே இணையத்தில் படிக்கிற எலும்பு அறுவை மேற்படிப்பை இரண்டு வருடத்துக்கு நடத்துகின்றன. அது ஏற்கெனவே அறுவைப் பயிற்சியில் இருப்பவர்களுக்கானது. நம் நாட்டு விதி வேறு: பட்ட மேற்படிப்பு மாணவர் முழுநேரமும் மருத்துவமனையில் இருந்தாக வேண்டும். அது சரியான விதி என்றே நினைக்கிறேன். துளைக்கருவி எலும்பின் மறுபுறத்தைத் தாண்டும் கணத்தைக் கைதான் உணர வேண்டும், திரையில் பார்த்து வராது.

வேலையும் படிப்பும் சேர்கிற வழி என்று நம்மிடம் இருப்பது சர்வீஸ் கோட்டா, அதாவது அரசு மருத்துவர்களுக்கு மேற்படிப்பில் தனி இடம். நடுவில் அதற்குப் பதிலாக, கடினமான, தொலைவான ஊரில் ஒரு வருடம் பணியாற்றினால் நீட் மதிப்பெண்ணில் பத்து சதவீதம், அதிகபட்சம் முப்பது சதவீதம் ஊக்க மதிப்பெண் என்ற விதி வந்தது. அரசு மருத்துவர்களுக்குத் தனி ஒதுக்கீடு தரும் உரிமை மாநிலத்துக்கு உண்டென்று 2020 ஆகஸ்ட் 31 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த வழக்கில் போராடியது தமிழ்நாட்டு மருத்துவ அலுவலர்கள் சங்கம். சம்பளத்தோடு படிக்க முடிந்ததால்தான் என்னைப் போன்ற பனங்காட்டுப் பிள்ளைகள் ஆர்த்தோ டாக்டரானோம். அந்தத் தீர்ப்பை நான் ஒருபோதும் சாதாரணமாக எண்ண மாட்டேன்.

ஆனால் படிக்கப்போன டாக்டர் சாயல்குடிக்குத் திரும்புவதில்லை. திரும்பினாலும் ஆபரேஷன் தியேட்டரும் சி-ஆர்ம் எக்ஸ்ரேயும் இல்லாத ஊரில் எம்.எஸ். ஆர்த்தோவுக்கு என்ன வேலை? அங்கே வேண்டியது அறுவை நிபுணர் அல்ல. முதல் ஒரு மணி நேரத்தில் முதுகை அசைக்காமல் கிடத்தவும், கட்டு இறுகியதைக் கண்டு அவிழ்க்கவும், நொறுங்கிய குதிகாலை உயர்த்திவைத்து முதுகைத் தொட்டுப் பார்க்கவும் தெரிந்த ஒருவர் போதும். அந்தப் பனையேறியின் மனைவி கேட்டதும் ஏறக்குறைய அதைத்தான்.

2022 ஜனவரியில் ராமநாதபுரத்துக்கே அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. விபத்துக்குப் பின் முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை அரசே ஏற்கிற 'இன்னுயிர் காப்போம்' திட்டமும் 2021 டிசம்பரிலிருந்து இருக்கிறது. மேற்படிப்பு மாணவர்கள் மூன்று மாதம் மாவட்ட மருத்துவமனையில் பணியாற்ற வேண்டும் என்பதும் விதி. கல்லூரியும் பணமும் ஆளும் இருக்கும்போது விடுபட்டிருப்பது ஒரு படிப்புதான். சாயல்குடி, கமுதி, முதுகுளத்தூர், திருவாடானை மருத்துவர்கள் ஊரை விட்டுப் போகாமல், வாரத்தில் ஒருநாள் ராமநாதபுரம் வார்டில் கை பழகி, மீதியை இணையத்தில் படிக்கிற ஓராண்டு விபத்து எலும்புச் சிகிச்சைப் படிப்பை டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம் தொடங்க வேண்டும். அடுத்த பதநீர்க் காலத்துக்கு முன் தொடங்கினால் நல்லது.