இருவர்க்கும் ஒரே பந்தி

குர்லாவில் ரயிலேறினால் சயானுக்கு அடுத்த நிலையம் மாதுங்கா. அதனருகே ராம நாயக் 1942ஆம் ஆண்டில் தொடங்கிய உடுப்பி ஸ்ரீகிருஷ்ணா போர்டிங்கில் வாழையிலைச் சாப்பாடு உண்டு. எங்கள் மணநாள்தோறும் அங்குச் செல்வோம்.

இல்லத்தில் அனைவருக்கும் பரிமாறிவிட்டு, ஆறிய சோற்றை இறுதியில் உண்பவள் என் மனைவி. அங்கோ எனக்கு இலை போடும்போதே அவளுக்கும் போடுகின்றனர். சாம்பார் ஆவி பறக்க வருகின்றது. சென்ற ஆண்டு ரசத்தை அவள் இரண்டாம் முறை கேட்டு வாங்கினாள். எட்டாண்டு இல்லறத்தில், அவளுக்கு ரசம் இத்துணைப் பிடிக்கும் என்பது அன்றுதான் தெரிந்தது. இப்போது ஞாயிறுதோறும் வீட்டிலும் ஒருசேர அமர்கின்றோம்.

அன்பர்களே, வாரம் ஒரு வேளையேனும் இல்லாளுக்கும் முதற்பந்தியில் இலை இடுவோமாக! பரிமாறுவது நம் கையாக இருக்கட்டும்.