பழனியாண்டி கிடைக்காத கதை

போன மாதம் விடுமுறைக்குப் புதுச்சேரி வந்த பேரன், சொந்தக்காரர்களின் பழைய பிறப்பு, திருமணப் பதிவுகளைக் கணினியில் ஏற்றிக்கொண்டிருந்தான். பெயரைத் தட்டினால் பத்திரம் வர வேண்டும். அதற்கு 'சோலர்' என்ற தேடுபொறியாம். யோனிக் சீலி என்பவர் 2004இல் எழுதத் தொடங்கியது. 2006இல் அப்பாச்சி அமைப்புக்குக் கொடுத்துவிட்டார்கள். மூலநிரல் எல்லோருக்கும் பொது, காசு கிடையாது.

"தாத்தா, பெயருக்கு எந்த ஃபீல்டு டைப் வைக்கலாம்?" என்று கேட்டான். விளக்கமும் சொன்னான். 'ஸ்ட்ரிங்' என்று வைத்தால் எழுதியது எழுதியபடியே பொருந்த வேண்டும். ஓர் எழுத்து பிசகினாலும் கிடைக்காது. 'டெக்ஸ்ட்' என்று வைத்தால் சொல் சொல்லாகப் பிரித்துத் தேடலாம். அதில் நம் விருப்பப்படி வடிகட்டிகளும் சேர்க்கலாம்.

எனக்குப் பழைய நாள் ஒன்று ஞாபகம் வந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், வயதான அம்மா ஒருவர் கணவரின் பிறப்புப் பதிவு கேட்டு வந்தார். பெயர் பழனியாண்டி. ஆங்கில வழக்கப்படி எல் எழுத்துப் போட்டு அட்டவணையில் தேடிவிட்டு, "இல்லைம்மா" என்று அனுப்பிவிட்டேன். பிரெஞ்சுக்காலப் பதிவுகளில் ழகரத்துக்கு ஜே போடுவது உண்டு. பிரெஞ்சில் படித்த எனக்கே அன்று அது தோன்றவில்லை. சில மாதம் கழித்து வேறு பெயர் தேடும்போது அவர் கண்ணில் பட்டார். அந்த அம்மா திரும்ப வரவில்லை. நான் விலாசம் வாங்கி வைக்கவில்லை.

பேரனிடம் இதைச் சொன்னேன். அவன் 'சவுண்டெக்ஸ்' என்ற ஒலி வடிகட்டியைப் போட்டுப் பார்த்தான். முதல் எழுத்தை வைத்துக்கொண்டு, உயிரெழுத்துகளை விட்டுவிட்டு, ஒத்த ஒலியுள்ள மெய்களுக்கு ஒரே எண் கொடுக்கும் முறை அது. 1918இலேயே காப்புரிமை பெற்றது. முருகனை ஆங்கில முறையில் எழுதினாலும் பிரெஞ்சு முறையில் எழுதினாலும் எம்625 என்றே வந்தது. பழனிக்கு மட்டும் எல் போட்டால் பி450, ஜே போட்டால் பி250. மறுபடியும் கிடைக்கவில்லை!

"ஜே எல்லாவற்றையும் எல் ஆக மாற்றிவிடட்டுமா?" என்றான். அப்படிச் செய்தால் ராஜா ராலா ஆகிவிடுவாரே! கடைசியில், பத்திரத்தில் உள்ள பெயரை ஒரு ஃபீல்டில் அப்படியே வைத்தோம். அதன் நகலை இன்னொரு ஃபீல்டில் போட்டு, தேடுவதற்கு மட்டும் அதைப் பயன்படுத்தினோம். இரண்டு விதமாக எழுதப்படும் பெயர்களுக்கு ஓர் இணைச்சொல் பட்டியல் வேண்டும் என்றான். இரண்டு மாலை உட்கார்ந்து நான்தான் எழுதிக் கொடுத்தேன். முதல் வரியில் பழனியாண்டி.

பழைய பதிவு தேடும் புதுச்சேரி அன்பர்களே, பெயரில் ழ இருந்தால் ஜே போட்டும் ஒருமுறை பாருங்கள்.